நாற்பது பேர் பார்த்த யாழ்

“என்ன களவு போனது எண்டு சொன்னீங்கள்?” என்றாள் ரதிதேவி.

“யாழ்.”

மூலை மேசையில் உட்கார்ந்து டோஸ்ட் கடித்துக்கொண்டிருந்த மைக்கேல் மெல்லுவதை நிறுத்தினான். “ஊரா, வாத்தியமா?”

“வாத்தியம், தம்பி. ஹார்ப். பிரான்சிலை செய்தது. ஆளை விட உயரம்.”

எதிரே இருந்த கல்யாணிக்கு ஐம்பது வயதிருக்கும். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நகரின் பணக்காரப் பகுதியான எப்சத்தில் பெரிய வீடு. கணவர் கண் டாக்டர். இப்படிப்பட்டவர்கள் புறநகரான பாபடோயிட்டோயில் மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் இந்த மாடி அறையைத் தேடி வருவது அபூர்வம்.

இங்கே வருகிற கேஸ்களே வேறு. சிட்னி மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டா? முதுகுவலி என்று லீவில் இருப்பவர் சனிக்கிழமை கிரிக்கெட்டில் எத்தனை ஓவர் போடுகிறார்? இன்ஷுரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், லைசென்ஸ் எடுத்துச் சொந்தமாகத் துப்பறிய வந்தவள் ரதிதேவி. அவளுக்கு உதவியாளனாகவும் டிரைவராகவும் வாய்த்தவன் மைக்கேல். கிள்ளானிலிருந்து வந்தவன். வாயைத் தவிர மற்றதெல்லாம் நிதானமாக வேலை செய்யும்.

கல்யாணி சொன்ன கதை இதுதான். போன சனிக்கிழமை மாலை அவர்கள் வீட்டில் ஒரு சங்கீத விருந்து. நாற்பது விருந்தாளிகள். தனுஷா என்ற சிங்கப்பூர்ப் பெண், இங்கே பல்கலைக்கழகத்தில் சங்கீதம் படிப்பவள், டாக்டரின் யாழில் ஒரு பிரெஞ்சு இசையை வாசித்தாள். டாக்டர் அன்று ஊரில் இல்லை. வெலிங்டனில் கண் டாக்டர்களின் மாநாடு. பேச இருந்தவர் கடைசி நேரத்தில் நோயில் விழ, இவரைக் கூப்பிட்டார்கள். மேடையை மறுத்துப் பழக்கமில்லாதவர், போய்விட்டார். ஞாயிறு திரும்பி வந்தால் வரவேற்பறை மூலை காலி.

“கதவு உடைக்கேல்லை. ஜன்னல் உடைக்கேல்லை. எங்களைத் தவிர வீட்டுத் திறப்பு வைச்சிருக்கிறது தனுஷா மட்டும். பழகிறதுக்கு வந்து போறவள். அவர் போலீசிட்டை அவளின்ரை பேரைக் குடுத்திட்டார்.” கல்யாணி கைப்பையின் வாரைத் திருகினாள். “அடுத்த மாதம் அவள் அதே இசையை ஓர்கெஸ்ட்ராவோடை டவுனிலை வாசிக்க இருந்தவள். இது முடியும் வரைக்கும் வர வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். வழக்குப் போட்டா விசாவும் போயிடும்.”

“நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?”

“அந்தப் பிள்ளை எடுக்கேல்லை. அதை நீங்கள் கண்டுபிடிச்சுச் சொல்ல வேணும்.”

“எடுக்கேல்லை எண்டு எப்பிடி அவ்வளவு நிச்சயம், அக்கா?”

“எனக்குத் தெரியும்.”

அவள் இங்கே வந்தது கணவருக்குத் தெரியுமா என்று ரதிதேவி கேட்டாள். தெரியும், அவரும் சந்தோஷப்பட்டார் என்றாள் கல்யாணி. யாழை முழுசாக மீட்டால் போதும் என்றாராம்.

அவள் படியிறங்கிப் போனதும் மைக்கேல் டோஸ்ட்டின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டான். “யாழைத் தொலைச்சவரு யாழ்ப்பாணம். தேடப் போறவங்க யாழ்ப்பாணம். இந்தக் கேஸ்ல நான் ஒருத்தன்தான் லா வெளியூரு.”

“காரை எடு.”

“காடி ரெடி பாஸ். ஆனா கெடைச்சா எதுல ஏத்துறது? நம்ப பழைய கொரோனா காருல என் காலே அடங்க மாட்டேங்குது.”

*

டாக்டர் கதிர்காமநாதனின் வரவேற்பறையில், காலி மூலையின் மேல் சின்ன விளக்கு ஒன்று இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கம்பளத்தில் யாழின் அடிப்பாகம் அழுந்திய பள்ளங்கள். டாக்டர் அவற்றுக்கு அஞ்சலி செலுத்துகிறவர் போலப் பக்கத்தில் நின்றார்.

“இது சாதாரண ஹார்ப் இல்லை” என்று ஆரம்பித்தார். “சாதாரண ஹார்ப்புக்குக் காலடியிலை ஏழு பெடல் இருக்கும். சுரத்தை ஏத்த இறக்க, வாசிக்கிற ஆள் அதை மிதிச்சுக்கொண்டே இருக்க வேணும். என்ரையிலை ஒரு பெடலும் இல்லை. பியானோவிலை வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை இருக்குதல்லோ? அது மாதிரி ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனிக் கம்பி. ரெண்டு வரிசை, ஒண்டுக்குக் குறுக்கை ஒண்டு.”

“எங்க வாங்கினீங்க சார்?”

“டெவன்போர்ட்டிலை ஒரு பிரெஞ்சுக் கிழவி செத்து, சாமான் ஏலம் விட்டவை. என்னைத் தவிர ஒருத்தருக்கும் அது என்னவெண்டே தெரியேல்லை.” அந்த ஞாபகத்தில் அவர் முகம் ஒரு கணம் பிரகாசித்தது. “இந்த இருபதாம் நூற்றாண்டு துவங்கின நேரம், பாரீஸிலை வாத்தியம் செய்யிற ஒரு கம்பனி, இந்தப் புது ஹார்ப்பை விக்கிறதுக்காகப் பெரிய இசையமைப்பாளர் ஒருத்தரைப் பிடிச்சு எழுதுவிச்ச இசை அது. ஹார்ப்புக்கும் வயலின் கூட்டத்துக்கும் ரெண்டு நடனம். முதலாவது கோயிலுக்குள்ளை நடக்கிற மாதிரி. ரெண்டாவது உலகத்துக்கு, உடம்புக்கு. தண்ணியிலை வெளிச்சம் விழுந்தா எப்பிடி இருக்கும்? அப்பிடி இசை.”

“அந்தப் புது ஹார்ப் நல்லா வித்துச்சா சார்?” என்று மைக்கேல் கேட்டான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இல்லை. பெடல் வைச்ச ஹார்ப்தான் கடைசியிலை நிலைச்சது. இண்டைக்கு உலகம் முழுக்க இந்த இசையை அதிலைதான் வாசிக்கினம்.”

“அப்ப சோப்பு செத்துப்போச்சு, சோப்பு விளம்பரப் பாட்டு மட்டும் மிச்சம். எல்லாரும் வேற சோப்புப் போட்டுக் குளிச்சிக்கிட்டே அதைப் பாடுறாங்க.”

“மைக்கேல்” என்றாள் ரதிதேவி.

“என்ரை வீட்டிலை மட்டும் அதை, எந்த வாத்தியத்துக்கு எழுதினதோ அதிலையே கேக்கலாம்” என்றார் டாக்டர் விறைப்பாக. “அதுக்காகத்தான் தனுஷாவைக் கூப்பிட்டுப் பழக விட்டனான். மற்ற ஒருத்தரும் தொடக் கூடாது. கல்யாணி தூசி தட்டலாம், அவ்வளவுதான். இப்ப பாருங்கோ, பழக விட்டவளே கொண்டு போயிட்டாள்.”

கல்யாணி தேநீர்த் தட்டோடு வந்தாள். டாக்டர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “எனக்குச் சீனி போட்டிட்டீரோ? போட வேண்டாம் எண்டனான். இவ இப்பிடித்தான். போன வருஷம் எங்கடை பார்ட்டியிலை கேக்குக்குச் சீனி எண்டு உப்பைப் போட்டு... கல்யாணி, நீரே சொல்லுமன் அந்தக் கதையை.”

கல்யாணி சொல்லவில்லை. டாக்டரே சொன்னார். நன்றாகவே சொன்னார். பல தடவை சொல்லித் தேர்ந்த கதை என்று தெரிந்தது. கல்யாணி தட்டை வைத்துவிட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

யாழின் படம் ஏதாவது உண்டா என்று ரதிதேவி கேட்டாள். ஒன்று இருந்தது. போலீசுக்கும் அதன் பிரதியைத்தான் கொடுத்திருந்தார். கோட்டும் டையுமாக டாக்டர் படம் முழுக்க நிறைந்து நின்றார். அவர் தோளுக்கு மேலே பொன்னிறமான ஒரு வளைவு எட்டிப் பார்த்தது.

“இதுல ஹார்ப் எங்க சார்?”

“எனக்குப் பின்னாலை” என்றார் டாக்டர்.

*

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் விருந்தாளிகள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சனிக்கிழமை இரவு வரை யாழ் அந்த வீட்டில் இருந்தது என்பதுதான் போலீசின் பிடி. அதற்கு நாற்பது சாட்சி. சனி இரவு கல்யாணி தூங்கிய பிறகு, ஞாயிறு காலைக்குள், சாவியோடு உள்ளே போகக்கூடியவள் தனுஷா ஒருத்திதான். ஆகவே அந்தச் சாட்சிகளில் எங்காவது ஒரு விரிசல் வேண்டும்.

விரிசலே இல்லை. எல்லோரும் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தலையாட்டினார்கள்.

“இதேதான்” என்றார் ஒரு கணக்காளர். “முக்கோணமா, பொன் கலர்ல. தெய்வீகம்!”

“கம்பிகள் எப்பிடி இருந்தது? குறுக்கை குறுக்கை போனதோ?”

“நிறையக் கம்பி இருந்துச்சு.”

ஒரு பல் டாக்டர் யாழைப் பற்றி ஒரு வரியும் மட்டன் பிரட்டலைப் பற்றிப் பத்து வரியும் சொன்னார். அவர் மனைவி தனுஷாவின் புடவையை நூல் நூலாக நினைவு வைத்திருந்தாள். பழைய பள்ளிக்கூட அதிபர் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டதாகச் சொன்னார். முதல் நடனத்திலேயே தூங்கிவிட்டார் என்று அவர் மனைவி திருத்தினாள். ஒரு இளைஞர், யாழ் வாசித்தது ஒரு ஆண் என்று அடித்துச் சொன்னார். அவர் வேறு விருந்துக்குப் போயிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

“நாப்பது பேரு பாத்திருக்காங்க பாஸ்” என்றான் மைக்கேல் காரில். “ஒருத்தரும் பாக்கல.”

கடைசியாக மிஞ்சியது ஆனந்தவல்லி. பாபடோயிட்டோயில் அவர்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மதுரைக்காரி. மகனோடு குடியேறி வந்தவள். காலிங் பெல்லை அழுத்துவதற்குள் கதவைத் திறந்து, கையில் முறுக்குத் தட்டைத் திணித்துவிட்டாள்.

“என்னத்தைச் சொல்றது போங்க! எம் மவன் வேலை முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போறதுக்குள்ள எல்லா நாற்காலியும் நெறஞ்சிருச்சு. சுவத்தோரமா, பூந்தொட்டி பக்கத்துல, புள்ளைங்க உக்காருற குட்டி முக்காலி ஒண்ணு. அதுல போய் உக்காந்தேன். முன்னால ஒரே முதுகு. ரெண்டு நாற்காலிக்கு நடுவுல சந்து இருந்துச்சு, அதுல பாத்தா அந்தப் பொண்ணோட முழங்காலுக்குக் கீழதான் தெரியுது.”

“அப்ப வாத்தியத்தையே நீங்கள் பாக்கேல்லை?”

“எங்கிட்டுப் பாக்குறது? கால்தான் பாத்தேன். செருப்பைக் கழட்டிப்போட்டுட்டு, செவப்புச் சாக்ஸ் போட்டுக்கிட்டு... பட்டுச் சேலைக்குச் செவப்புச் சாக்ஸ்! குளிராம்ல. ஆனா பாவம், என்னா வேலை அந்தக் காலுக்கு! தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி மிதிச்சுக்கிட்டே இருக்கு. இந்தக் கால் ஒண்ணை அமுக்குது, அந்தக் கால் ஒண்ணைத் தூக்குது. கையால வாசிக்கிற வாத்தியத்துக்குக் காலுக்கு என்ன இவ்வளவு வேலைன்னு நெனச்சேன்.”

மைக்கேலின் கையில் முறுக்கு பாதி வழியில் நின்றது. ரதிதேவி மெதுவாகக் கேட்டாள்.

“மிதிச்சவ எண்டு நிச்சயமாத் தெரியுமோ அம்மா? தாளத்துக்குக் காலை ஆட்டியிருக்கலாம்.”

“ஆட்டுறதுக்கும் மிதிக்கிறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? அடியில பித்தளை பித்தளையா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைத்தான் மிதிச்சுச்சு. ஏன், மிதிக்கக் கூடாதா?”

“மிதிக்கலாம். மிதிக்கிறதுக்கு அங்கை ஒண்டும் இருந்திருக்கக் கூடாது.”

*

நகரத்துக்குப் போகும் மோட்டார்வேயில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது. அது மைக்கேல் பக்கம் இல்லை.

“அப்ப சனிக்கிழமை வாசிச்சது டாக்டரோட யாழே இல்ல” என்றான் அவன், கழுத்தை நீட்டிச் சாலையைப் பார்த்தபடி. “பெடல் வெச்ச வேற ஒண்ணு. ஒரிஜினல் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. சூப்பர் பாஸ்! போலீஸோட நாப்பது சாட்சியையும் ஒரு சிவப்பு சாக்ஸ் அடிச்சிருச்சு.”

“சந்தோஷப்படாதை. வேற ஹார்ப்பை உள்ளை கொண்டு வந்து வைக்க ஆராலை ஏலும்?”

மைக்கேல் யோசித்தான். முகம் விழுந்தது. “தனுஷாவால.”

“அதாவது, அவள் அண்டைக்கே திட்டம் போட்டுச் செய்திருக்கிறாள் எண்டு போலீஸ் சொல்லும். முந்தி வெறும் சந்தேகம். இப்ப நாங்கள் அதுக்கு ஆதாரமும் தேடிக் குடுத்திட்டம்.”

“அந்தப் பொண்ணைக் காப்பாத்த வந்து, கயித்தை நாமளே திரிச்சுக் குடுத்திருக்கோம்.”

தனுஷா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மேல் மாடியில் வேறு இரண்டு மாணவிகளோடு இருந்தாள். கதவைத் திறந்தவளுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். பல நாள் தூங்காத கண்கள். விரல் நுனிகளில் காய்ப்பு. உட்காரச் சொன்னாள், கட்டிலில். அந்த அறையில் வேறு இடமில்லை.

ரதிதேவி சுற்றி வளைக்கவில்லை. “சனிக்கிழமை நீங்கள் வாசிச்ச ஹார்ப்புக்குப் பெடல் இருந்தது.”

தனுஷா அறைக் கதவைச் சாத்தினாள். “யாரு சொன்னா?”

“உங்கடை காலைப் பாத்த ஒரு ஆள்.”

“அது என் டீச்சரோட ஹார்ப், மேடம்.” பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. “டீச்சர் கிட்டக் கேட்டு, வேன் வெச்சு எடுத்திட்டு வந்தேன். கச்சேரி முடிஞ்சு எல்லாரும் போனதும் திருப்பிக் கொண்டு போய் வெச்சிட்டேன். அதுக்கு மேல ப்ளீஸ் கேக்காதீங்க.”

“டாக்டரின்ரை ஹார்ப் எங்கை?”

“சொல்ல முடியாது. ப்ராமிஸ் பண்ணிருக்கேன்.”

“தங்கச்சி, உங்களுக்கு விளங்குதோ? இதை நான் போலீசிட்டைச் சொன்னா நீங்கள்தான் மாட்டுவீங்கள். ஓர்கெஸ்ட்ரா போச்சு. படிப்புப் போச்சு. அடுத்த ப்ளேனிலை சிங்கப்பூர்.”

“தெரியும்.” அவள் பார்வை இறங்கவில்லை. “அவங்க சொல்லிடுவாங்க. கொஞ்சம் டைம் வேணும் அவங்களுக்கு. அவ்ளோதான்.”

மாடிப்படியில் இறங்கும்போது மைக்கேல் பொறுக்க முடியாமல் கேட்டான். “அவங்கன்னா எவங்க? டாக்டரா?”

“டாக்டர் அண்டைக்கு வெலிங்டனிலை. இருந்திருந்தா, குறுக்குக் கம்பி இல்லாத ஹார்ப்பை வாசலிலை நிண்டே கண்டுபிடிச்சிருப்பார். அப்ப அந்த நாற்பது பேருக்குள்ளை, பாத்தவுடனை வித்தியாசம் தெரிஞ்சிருக்க வேண்டிய ஆள் ஆர்? எத்தினை வருஷமா அதைத் தூசி தட்டின ஆள். விருந்துக்குச் சொந்தக்காரி. முன் வரிசையிலை இருந்து கேட்டவ. எங்களிட்டை வந்து எல்லாக் கதையும் சொல்லிப்போட்டு, இதை மட்டும் சொல்லாமல் விட்டவ.”

மைக்கேல் படியில் அப்படியே நின்றுவிட்டான். “பாஸ், அவங்க நம்ப கிளையன்ட்.”

“ஓம்.”

“கிளையன்ட்டையே பிடிச்சிட்டா, பில்லை யாருக்கு அனுப்புறது?”

*

எப்சம் வீட்டுக் கதவைக் கல்யாணிதான் திறந்தாள். டாக்டர் க்ளினிக்கில் இருந்தார். ரதிதேவியின் முகத்தைப் பார்த்ததும், ஒன்றும் கேட்காமல், கொக்கியில் தொங்கிய மழைக்கோட்டை எடுத்தாள்.

“கண்டுபிடிச்சிட்டியள்” என்றாள். அதில் பயம் இல்லை. காய்ச்சல் விட்ட குரல் அது. “தகனினிக்குப் போவம். அங்கை இருக்கு.”

தகனினியில், புது வீடுகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நின்ற ஒரு தெருவில், வாடகைக்கு விடுவதற்காக டாக்டர் வாங்கிப் போட்டிருந்த வீடு. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. குடியிருக்க இதுவரை ஆள் வரவில்லை. கல்யாணி கராஜ் கதவை மேலே தள்ளினாள். உள்ளே ஒரு போர்வை. போர்வையைத் தூக்கினாள்.

மேல் வளைவு நடுவில் பிளந்து, பொன்பூச்சு உரிந்து, வெள்ளைக் கம்பிகளும் கறுப்புக் கம்பிகளும் சுருண்டு சிக்கி, அடிப்பலகை வாய் பிளந்து கிடந்தது யாழ்.

“விருந்துக்கு முதல் நாள், அவர் வெலிங்டன் போன அண்டு பின்னேரம்” என்றாள் கல்யாணி. “மாதக் கணக்கா அந்தப் பிள்ளை பழகினதைக் குசினிக்குள்ளை இருந்து கேட்டுக் கேட்டு, முதல் நடனத்தின்ரை துவக்கம் எனக்கு மனப்பாடம். அண்டைக்கு வீட்டிலை ஒருத்தரும் இல்லை. இருந்து பாத்தன். ஒரு விரலாலை ஒவ்வொரு கம்பியாத் தேடித் தேடி... வந்தது. ரதி, என்ரை கையாலை வந்தது! ஒரு கம்பி மட்டும் சுருதி இறங்கிக் கிடந்தது. தனுஷா திருகிறதைப் பாத்திருக்கிறன். சுருதி கூட்டுற திறப்பை எடுத்துத் திருகினன். துவக்கு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம், வளைவு பிளந்துபோச்சு.”

“பிறகு தனுஷாவைக் கூப்பிட்டீங்கள்.”

“வேற ஆரைக் கூப்பிட? ஓடி வந்தவள். பழைய ஹார்ப், கம்பியின்ரை இழுவை தாங்காமல் எண்டைக்கோ ஒரு நாள் உடைஞ்சிருக்கும் ஆன்ட்டி எண்டாள். அவளும் கூட்டாளிகளும்தான் இதை இங்கை கொண்டு வந்தவை. விருந்தை நிப்பாட்ட வேண்டாம், டீச்சரின்ரையைக் கொண்டு வாறன் எண்டாள். அண்டைக்கு எப்பிடி வாசிச்சாள் தெரியுமோ? அவள் படிக்கிற வாத்தியம் அல்லோ அது. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தவுடனை சொல்லத்தான் நினைச்சன். அவர் மூலையைப் பாத்து, களவு போச்சுது எண்டு கத்தினார். நான் வாயைத் திறக்கேல்லை. அதுதான் நான் செய்தது. வாயைத் திறக்காமல் இருந்தது.”

“அந்தப் பெண்ணின்ரை பேர் வந்த பிறகுமோ?”

கல்யாணி தலைகுனிந்தாள். “ஒவ்வொரு நாளும் விடியச் சொல்லுவன் எண்டு எழும்புவன்.”

“அவருக்கு அவ்வளவு பயமோ? கை நீட்டுறவரோ?”

“சீச்சீ. சத்தம்கூடப் போட மாட்டார்.” அவள் கசப்பாகச் சிரித்தாள். “கதையாக்கிப் போடுவார். உப்புக் கேக் கேட்டியள்தானே? அது மாதிரி. சாகும் வரைக்கும், வாற ஒவ்வொரு விருந்தாளிக்கும். கல்யாணி ஹார்ப் வாசிச்ச கதை. ‘நீரே சொல்லுமன்’ எண்டுவார். நான் சிரிக்க வேணும். அதை நினைச்சா நாக்கு எழும்பேல்லை. அதுதான் உங்களிட்டை வந்தனான். என்னாலை சொல்ல ஏலாது. ஆராவது என்னைக் கண்டுபிடிச்சா, சொல்லித்தானே ஆக வேணும்.”

மழை தகரக் கதவில் கொட்டியது. பிடிபடுவதற்காகவே துப்பறிவாளரை அமர்த்திய குற்றவாளியை ரதிதேவி இதற்கு முன் பார்த்ததில்லை.

“நீங்கள் அவரிட்டைச் சொல்லுவியளோ?” என்று கல்யாணி கேட்டாள்.

“கண்டுபிடிக்கிறதுக்குத்தான் நான் வந்தனான், அக்கா. சொல்லுறது நீங்கள்.” ரதிதேவி தன் கைத்தொலைபேசியை நீட்டினாள். செங்கல் கனம். “ஆனா இண்டைக்கே. இல்லாட்டி நான் நேரா போலீசுக்குப் போவன்.”

*

டாக்டர் க்ளினிக்கிலிருந்து நேராக வந்து இறங்கினார். ‘யாழ் இங்கே இருக்கிறது’ என்று மட்டும்தான் கல்யாணி போனில் சொல்லியிருந்தாள். கராஜுக்குள் வந்தவர் அதைப் பார்த்தார். மண்டியிட்டு, பிளந்த வளைவைத் தொட்டார்.

கல்யாணி முன்னால் போய் நின்று சொன்னாள். உட்கார்ந்தது, விரலால் தேடியது, திருகியது, மறைத்தது. எங்கும் நிற்கவில்லை. தனுஷாவின் பேரை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

டாக்டர் எழுந்தார். ரதிதேவி எதிர்பார்த்தது கோபத்தை. வந்தது வேறொன்று.

“அப்ப... சனிக்கிழமை வாசிச்சது?”

“டீச்சரின்ரை ஹார்ப். பெடல் வைச்சது” என்றாள் கல்யாணி.

“விருந்துக்கு வந்த ஆக்கள் ஒருத்தரும்...?”

“ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை. உங்கடை ஹார்ப்பின்ரை சத்தம் மாதிரி உலகத்திலை இல்லை எண்டு ஆளுக்காள் சொல்லிப்போட்டுப் போனவை.”

அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் திங்கட்கிழமை டாக்டருக்கே போன் பண்ணி, அந்த அபூர்வ நாதத்தைப் புகழ்ந்திருந்தார்கள். தெய்வீக வித்தியாசம் என்றார்கள். அவரும் அதை ஒப்புக்கொண்டு, அந்த வித்தியாசத்தின் காரணத்தை ஒவ்வொருவருக்கும் விளக்கியிருந்தார்.

“இதை...” என்றார் மெல்ல, “இதை வெளியிலை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்.”

கல்யாணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. இந்தக் கதையில் ஊர் சிரிக்கப் போவது அவளைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து.

“போலீசுக்குச் சொல்ல வேணும்” என்றாள்.

“நான் பக்குவமாச் சொல்லுறன். ஹார்ப் கிடைச்சிட்டுது எண்டு மட்டும்...”

“வேண்டாம். நானே சொல்லுறன்.” ரதிதேவியிடமிருந்து தொலைபேசியை வாங்கினாள். எண்ணை மைக்கேல் அழுத்திக் கொடுத்தான். கல்யாணி ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் பேசினாள். யாழ் களவு போகவில்லை. நான்தான் உடைத்தேன். நான்தான் மறைத்தேன். தனுஷா என்ற பெண் எனக்கு உதவி மட்டும்தான் செய்தாள், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆமாம், நாளைக்கே ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது. “என் கணவரா? பக்கத்தில்தான் நிற்கிறார். அவருக்கும் இப்போதுதான் தெரியும்” என்றாள்.

பேசி முடித்தாள். பிறகு மழைக்கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டு மைக்கேல் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, என்னை டவுனுக்குக் கொண்டு போய் விடுவியளோ? அந்தப் பிள்ளையிட்டை நேரா மன்னிப்புக் கேக்க வேணும். பிறகு அந்த ஓர்கெஸ்ட்ராக்காரரையும் பாக்க வேணும்.”

“ஏறுங்க ஆன்ட்டி. முன்னால உக்காருங்க, வைப்பர் அந்தப் பக்கந்தான் வேலை செய்யுது.”

“கல்யாணி” என்றார் டாக்டர் பின்னாலிருந்து. “நான்? எனக்குப் பின்னேரச் சாப்பாடு...?”

கல்யாணி கார்க் கதவைப் பிடித்தபடி யோசித்தாள்.

“குசினியிலை எல்லாம் இருக்கு” என்றாள். “எது சீனி, எது உப்பு எண்டு பாத்துப் போடுங்கோ.”

மைக்கேல் காரைக் கிளப்பினான். தகனினித் தெருவின் முனை திரும்பும் வரை அவள் சிரித்தாள். யாரும் சொல்லாமல், அவளாகவே.